வேனின் பின் சக்கரம் இறுகுகிறதா? எப்போது இறுகுகிறது என்று முதலில் கேளுங்கள்

மாருதி ஓம்னி, ஈகோ இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஓம்னியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. ஆனாலும் பால் கேன், மீன் பெட்டி, பந்தல் சாமான், பள்ளிப் பிள்ளைகள் என்று நம் ஊர்த் தெருக்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டுமே பின் சக்கரம் இழுக்கும் வண்டிகள். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டையான ஆக்ஸில் ஹவுசிங், டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்மை உள்ளேயிருந்து இரண்டு ஷூக்கள் விரிந்து பிடிக்கும்), கேபிளில் இழுக்கும் ஹேண்ட் பிரேக். ஓம்னிக்குப் பட்டை ஸ்பிரிங், ஈகோவுக்குக் காயில் ஸ்பிரிங், அவ்வளவுதான் வித்தியாசம். இதே அமைப்புள்ள வேறு வேன்களுக்கும் இங்கே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

சக்கரம் இறுகினால் பலரும் முதலில் டிரம்மைக் கழற்றப் போகிறார்கள். டிரம்மைக் கழற்றியதும் பாதித் தடயம் அழிந்துவிடும். கேபிளைத் தளர்த்தியிருப்பீர்கள், ஷூ உள்ளே ஒதுங்கியிருக்கும், மாட்டிக்கொண்டிருந்தது எதுவோ அது விட்டிருக்கும். சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் பழையபடி பிடிக்கும். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. சக்கரம் எப்போது இறுகுகிறது? காலையில் மட்டுமா, ஓடி ஓடிச் சூடான பிறகா, சுமை ஏற்றினால் மட்டுமா, எப்போதுமா, ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டுமா? ஒவ்வொரு பதிலும் வேறு வேறு பாகத்தைக் காட்டும்.

தூக்குவதற்கு முன்

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பின் சக்கரத்தைச் சோதிக்க ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும், கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. அதை விட்டதும் வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. "கியரில் போட்டிருக்கிறேன், நகராது" என்று நினைப்பவர்கள் உண்டு. பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியதும் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் கியர் தொகுதியான டிஃபரன்ஷியல், தூக்கிய சக்கரத்தைச் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தையும் உருளவிடும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி இறங்கும்.

எனவே சமமான, கெட்டியான தரை. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கிய உடனே ஆக்ஸில் ஹவுசிங்குக்குக் கீழே ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். செங்கல்லும் வேண்டாம், பாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

உண்மையிலேயே இறுக்கம்தானா?

முன் சக்கரம் இழுக்கும் கார்களில் பின் சக்கரத்தைத் தட்டிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். அந்தப் பழக்கத்தில் ஓம்னியின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே சக்கரத்தோடு சேர்ந்து ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள், கியர் பாக்ஸிலிருந்து அங்கே விசையைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் பாக்ஸின் ஒரு பகுதி எல்லாம் சுற்ற வேண்டியிருக்கிறது, அதுவும் கெட்டியான கியர் ஆயிலில். கையை எடுத்ததும் சக்கரம் சீக்கிரம் நின்றுவிடுவது இயல்பு. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் லேசாக "சர்" என்று உரசும் சத்தமும் டிரம் பிரேக்கில் இயல்புதான்.

அதனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இடதைத் தூக்கிச் சுற்றுங்கள், இறக்குங்கள், வலதைத் தூக்கிச் சுற்றுங்கள். கைக்கு வித்தியாசம் தெரிந்தால் இறுகிய பக்கம் எது என்று தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி, கையால் நகர்த்தவே முடியாத அளவுக்கு இருந்தால், இரண்டுக்கும் பொதுவான பாகத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள், கீழே மறுபடி மறுபடி வரும்.

தூக்காமலேயே பார்க்க இன்னொரு வழி சூடு. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், வண்டி தானாக வேகம் குறைந்து நிற்கட்டும். இறங்கிப் போய் உள்ளங்கையைச் சக்கரத்துக்கு அருகே காட்டுங்கள், தொட வேண்டாம். பிரேக் பிடித்தபடி ஓடியிருந்தால் ஒரு சாண் தள்ளியே அனல் தெரியும், கருகிய லைனிங் வாடையும் வரும். விரலை நனைத்து டிரம்மின் மேல் ஒரு சொட்டு உதறுங்கள். பொரிந்து போனால் சந்தேகமே இல்லை. சொட்டுதான், குவளைத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் கோணும், வெடிக்கவும் கூடும்.

காலையில் மட்டும் பிடிக்கிறது, நகர்ந்த பிறகு சரியாகிவிடுகிறது

மழையில் நின்ற வண்டி, கழுவிவிட்டு உடனே ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டி, பத்து நாள் எடுக்காமல் விட்ட வண்டி. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். டிரம்மின் உட்பக்கம் துரு பிடித்து, லைனிங் அதோடு ஒட்டிக்கொள்கிறது. நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று சேர்ந்துகொள்வதால் ஒரே இரவில் கூட ஒட்டிவிடும்.

ஹேண்ட் பிரேக்கை முழுதாக விட்டு, முதல் கியரில் மெல்ல முன்னே ஒரு அசைவு, ரிவர்ஸில் பின்னே ஒரு அசைவு. பெரும்பாலும் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். விடாவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து உள்ளே சிக்கினால் சக்கரம் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். மேலே சொன்னபடி சக்கரத்துக்குக் கட்டையும் ஆக்ஸிலுக்கு ஸ்டாண்டும் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டிரம்மின் முகத்தில், வீல் போல்ட்டுகளுக்கு இடையே, மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். டிரம்மின் விளிம்பில் அடிக்கக் கூடாது, வார்ப்பிரும்பு சில்லு சில்லாக உடையும்.

விட்ட பிறகு சில கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை மிதமாக நான்கைந்து முறை போட்டால் துரு தேய்ந்து போகும். மழைக்காலத்தில் நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால், சமதரையில் கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போடாமல் விடுங்கள்.

ஆனால் மாதத்துக்கு மூன்று முறை இப்படி ஒட்டுகிறது என்றால் அது துருவின் வேலை மட்டும் அல்ல. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டு எடுத்த பிறகு இறுக்கம் நிற்கிறது

பழைய ஓம்னிகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான். லிவரைக் கீழே விட்டாலும் கேபிள் திரும்பிப் போவதில்லை. கேபிளின் வெளி உறை எங்கோ கிழிந்து, தண்ணீர் இறங்கி, உள்கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். உங்கள் கை வலிமையால் இழுபட்டுவிடும். திருப்பி இழுப்பது ஷூவின் சின்ன ஸ்பிரிங்தானே, அதால் முடியாது.

சோதனை எளிது. இறுகிய சக்கரத்தைத் தூக்கி வையுங்கள். ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். சக்கரம் உடனே லேசானால் கேபிளில் இழுவை நிற்கிறது என்று அர்த்தம். லேசாகாவிட்டாலும் கேபிள் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள், பாதி வழியில் சிக்கியிருந்தால் இந்த முனையைத் தளர்த்தியது அந்த முனைக்குத் தெரியாது. சக்கரத்தின் பின்புறம், ஷூக்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டுக்குள் கேபிள் நுழையும் இடத்தில் கம்பியைப் பிடித்துச் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்து சக்கரம் விட்டால் கேபிள்தான். அங்கேயும் அசையாமல் இருந்தால், டிரம்முக்குள் ஷூவோடு இருக்கும் ஹேண்ட் பிரேக் லிவர் அது அசையும் அச்சாணியில் துருப்பிடித்து நின்றிருக்கும்.

கேபிளில் எண்ணெய் விட்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஊர் போய்ச் சேர உதவும். உறை கிழிந்த கேபிளுக்கு அது மருந்து அல்ல, மாற்றித்தான் ஆக வேண்டும். புதிய கேபிள் போடும்போது முதலில் ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யுங்கள், அப்புறம் கேபிளை. வரிசை மாறினால், தேய்ந்த ஷூவின் குறையைக் கேபிளை இறுக்கி மறைத்ததாகிவிடும், லிவர் கீழே இருக்கும்போதே ஷூ பாதி விரிந்து நிற்கும்.

நன்றாகக் கிளம்புகிறது, ஓட ஓட இறுகுகிறது, ஆறினால் விடுகிறது

இதுதான் ஆளை அதிகம் சுற்றவிடும் கோளாறு. வண்டி கனக்கிறது, மேட்டில் மூன்றாம் கியர் போதவில்லை, பெட்ரோல் குடிக்கிறது. பட்டறைக்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது. அங்கே தூக்கிச் சுற்றிக் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள்.

பிரேக்கை அழுத்தும்போது போன எண்ணெய், பெடலை விட்டதும் திரும்பி வர வேண்டும். வராமல் தேங்கினால் ஷூ டிரம்மைத் தொட்டபடியே இருக்கும். தொட்டால் சூடு, சூட்டில் எண்ணெய் விரியும், விரிந்தால் இன்னும் அழுத்தும். நிறுத்தி ஆறவிட்டால் அழுத்தம் இறங்கிச் சக்கரம் விட்டுவிடுகிறது. ஆறியதும் சரியாகிவிடுவதன் காரணம் இதுதான்.

இதைப் பிடிக்கும் சோதனைதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு முக்கியமானது. பொறுமையாகச் செய்யுங்கள்.

இறுகிய சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு வையுங்கள். ஓடிச் சூடாக இருக்கும்போதே செய்தால் நல்லது. பெடலை நான்கைந்து முறை நன்றாக அழுத்தி விடுங்கள். சக்கரத்தைச் சுற்றி, இறுக்கம் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது பேக் பிளேட்டின் பின்னால் இருக்கும், ஏர் எடுக்கும் நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விடுங்கள். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான். துரு இருந்தால் முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவையுங்கள், இல்லாவிட்டால் கழுத்து ஒடிந்து கையோடு வரும். கால் சுற்று திறவுங்கள்.

எண்ணெய் விசையோடு பீய்ச்சி வந்து, அதே கணத்தில் சக்கரம் லேசாகிவிட்டால், உள்ளே அழுத்தம் தேங்கியிருந்தது. டிரம்முக்குள் தேட வேண்டியதில்லை, கோளாறு சக்கரத்துக்கு எண்ணெய் வரும் வழியில் இருக்கிறது. எண்ணெய் சும்மா கசிந்து வந்து, சக்கரம் அதே இறுக்கத்தில் இருந்தால் கோளாறு சக்கரத்துக்குள்ளேயே: உறைந்த வீல் சிலிண்டர் (எண்ணெய் அழுத்தத்தில் ஷூவை விரிப்பது), செத்துப்போன ஸ்பிரிங், கேபிள். ஒரு நிப்பிளைத் திறந்து மூடும் நேரத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அழுத்தம் தேங்குகிறது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: எங்கே? வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். உடம்பிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் வழியில் ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கும். ஒரே கட்டை ஆக்ஸில் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஹோஸ்தான், அதன் பிறகுதான் எண்ணெய் இரண்டு சக்கரத்துக்கும் இரும்புக் குழாயில் பிரிந்து போகும். நிப்பிளை மூடி, பெடலை மறுபடி அழுத்திச் சக்கரத்தை இறுகவிடுங்கள். இந்த முறை, பெடல் அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பின் சக்கரத்துக்குப் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அடியில் துணி வைத்துக்கொண்டு. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்ட இடத்தை உடனே தண்ணீரால் கழுவுங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் மாஸ்டர் சிலிண்டர். அங்கே தளர்த்தியும் விடவில்லை, நிப்பிளில் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால், நடுவில் இருக்கும் ஹோஸ்.

ரப்பர் ஹோஸின் கோளாறு வெளியே தெரியாது. வெளித்தோல் கறுப்பாக, முழுசாக இருக்கும். உள்ளே ரப்பர் வீங்கியோ உரிந்தோ வழி அடைபட்டிருக்கும். கால் அழுத்தும் விசையில் எண்ணெய் உள்ளே போய்விடும், ஸ்பிரிங் தள்ளும் சின்ன விசையில் திரும்பி வராது. ஒருவழிக் கதவு மாதிரி.

என் 2009 மாடல் ஓம்னியில் இது வந்தது. சமையல் பாத்திரம் ஏற்றிக்கொண்டு கல்யாண மண்டபங்களுக்குப் போகும் வண்டி. திருவாரூர் போய்ச் சேர்வதற்குள் இடது பின் சக்கரத்திலிருந்து புகை. ஒரு பட்டறையில் இடது வீல் சிலிண்டரை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி. அதே சிலிண்டரை இன்னொரு முறை மாற்றினார்கள், கூடவே ஷூவும். மறுபடி. இடது, இடது என்று எல்லோரும் இடதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சாலையோரம் நிறுத்தி வலது டிரம்மின் அருகே கையைக் காட்டினேன். அதுவும் கொதித்தது, இடதை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இடது ஷூ டிரம்முக்கு நெருக்கமாக அட்ஜஸ்ட் ஆகியிருந்ததால் அந்தப் பக்கம் முதலில் புகைந்தது. இரண்டும் சூடு என்றால் இரண்டுக்கும் பொதுவானது எது? ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதும் வேலையைச் செய்யாதீர்கள், பிரேக் ஆயில் விஷம். நான் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள்துளை ஒரு குண்டூசி கூட நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. புதிய ஹோஸ் போட்ட அன்றைக்குத் தீர்ந்தது. புகை வந்த சக்கரத்தை மட்டும் பார்க்காமல் எதிர்ச் சக்கரத்திலும் கையைக் காட்ட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

மாஸ்டர் சிலிண்டர் பக்கம் என்றால், முதலில் பெடலில் கொஞ்சம் வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஆட்டமே இல்லாவிட்டால், காலை எடுத்த பிறகும் பெடலோடு இணைந்த புஷ் ராடு பிஸ்டனை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை திறப்பதே இல்லை. பலமுறை இது அட்ஜஸ்ட்மென்ட்டிலேயே முடிந்துவிடும்.

எல்லாச் சக்கரமும் நாளாக நாளாக இறுகுகிறதா? பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். வீங்கி, நெளிந்து, மூடியில் அடங்காமல் இருந்தால், யாரோ தவறுதலாக இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். சந்தேகமா? ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். மேலே வட்டம் வட்டமாக மிதந்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர், ஹோஸ் என்று எண்ணெய் பட்ட எல்லா ரப்பரும் மாற வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

எப்போதும் இறுக்கம், ஒரே பக்கம், நிப்பிளைத் திறந்தும் விடவில்லை

இப்போது டிரம்மைக் கழற்றலாம். கேபிளைத் தளர்த்துங்கள். மாருதி டிரம்மின் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும், 8 எம்எம் போல்ட்டு போகும். இரண்டு போல்ட்டையும் ஏற்றி, இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினால் டிரம் தானாக வெளியே வரும். வராமல் மல்லுக்கு நின்றால், டிரம்மின் உள்விளிம்பில் தேயாமல் நின்றுபோன வரம்பு ஷூவைத் தடுக்கிறது. ஷூவை உள்ளே ஒதுக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

லைனிங் தூளை ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். எங்கள் காலத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்குப் பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகளுக்காவது சொல்ல வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவற்றில் முதலாவது வீல் சிலிண்டர். இரண்டு ஷூவையும் கட்டை விரல்களால் உள்நோக்கி அழுத்துங்கள். பிஸ்டன் எண்ணெயை எதிர்த்து மெல்ல நகர வேண்டும். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் கல் மாதிரி நின்றால் உறைந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம்தான் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கிறது, ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டிகளில் இது நிச்சயம் வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி போடுவதை நான் விரும்புவதில்லை, புதிய சிலிண்டர் போடுங்கள். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவே கூடாது, வீங்கிவிடும். புதிய பிரேக் ஆயிலில் துடைத்தால் போதும்.

அடுத்தது ஸ்பிரிங். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது சூட்டில் நீண்டுவிட்டது, ஷூவைத் திருப்பி இழுக்கும் தெம்பு இல்லை. மலிவான பொருள், ஷூ மாற்றும் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுங்கள்.

பலர் பார்க்காமல் விடுவது பேக் பிளேட்டை. ஷூவின் ஓரம் உரசி நகர்வதற்காக அதில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். வருஷக்கணக்கில் உரசி அந்த மேட்டில் பள்ளம் விழுந்துவிடும். ஷூ விரியும்போது அந்தப் பள்ளத்தில் சிக்கி, திரும்பி வராமல் நிற்கும். விரல் நகத்தால் தடவினால் நகம் தட்டும். லேசான பள்ளம் என்றால் தேய்த்துச் சமப்படுத்தி, சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். லைனிங்கில் துளிகூடப் படக் கூடாது.

ஷூ ஈரமாக இருக்கிறதா? எந்த எண்ணெய் என்று பாருங்கள். தண்ணீர் மாதிரி நீர்த்திருந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில், ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. எண்ணெய் குடித்த லைனிங் சில நேரம் வழுக்கும், சில நேரம் வெடுக்கென்று கவ்வும். கழுவிப் போட்டால் சரியாகாது, இரண்டு பக்கமும் புதிய ஷூ போட வேண்டும். சீலை மாற்றுவதற்கு முன் ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே இருக்கும் மூச்சுத்துளையைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எண்ணெயைச் சீலின் வழியே தள்ளிவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புதிய சீலும் ஒழுகும்.

பிரேக் வேலை பார்த்த மறுநாளே இறுகியதென்றால் சிலிண்டரைச் சந்தேகப்படுவதற்கு முன், ஷூக்கள் முன்னும் பின்னும் இடம் மாறியிருக்கிறதா, இடது அட்ஜஸ்டர் வலதில் போய்விட்டதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் மறுபக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும்.

ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் பிடிக்கிறது

டிரம் வட்டம் தப்பியிருக்கிறது, இல்லை ஆக்ஸில் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிரம் பிதுங்கி நிற்காதபடி இரண்டு வீல் நட்டுகளால் பிடித்து, ஒரு கம்பியை அசையாமல் அருகே நிறுத்தி, டிரம்மைச் சுற்றுங்கள். கம்பிக்கும் டிரம் முகத்துக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் ஷாஃப்ட் சந்தேகம். பெரிய பள்ளத்தில் விழுந்த வண்டி, பக்கவாட்டில் கரையில் மோதிய வண்டி என்றால் இது நடக்கும். இடைவெளி மாறாமல் இருந்து, உள்ளே மட்டும் பிடித்தால் டிரம். லேத்தில் கொடுத்துக் கடையலாம், டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டாதவரை.

இறுக்கத்தோடு உறுமல் சத்தம்

பேரிங். வேகம் கூடக் கூட உறுமல் கூடும், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறும். தூக்கி வைத்து, ஒரு கையைப் பேக் பிளேட்டின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சுற்றினால், மணல் அரைபடுவது மாதிரி கைக்குத் தெரியும். ஷாஃப்ட்டைச் சுத்தி மாதிரி அடித்து இழுக்கும் கருவியால் உருவ வேண்டும், பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். எடுத்த வளையத்தை மறுபடி போடக் கூடாது, புதியதுதான். விலகினால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடும்.

சுமை ஏற்றினால் மட்டும் உரசுகிறது

இது பெரும்பாலும் பிரேக்காக இருக்காது. டயரின் உள்ஓரத்தையும் சக்கர வளைவின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், பளபளவென்று தேய்ந்த இடம் இருக்கும். அளவு பெரிய டயர், தொங்கிப்போன பட்டை, உடைந்த பட்டை. ஓம்னியில் இன்னொன்று, பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டு ஒடிவது. ஒடிந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் இடம் விட்டு நகர்ந்துவிடும், டயர் வளைவில் தட்டும், வண்டி நேராகப் போக ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். டேப் எடுத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் அதே இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டியிருக்கும் யு போல்ட்டின் பிடியில் மட்டும்தான் ஆக்ஸில் நிற்கிறது.

டயர் தட்டவில்லை, ஆனால் சுமையில் பிரேக் கவ்வுகிறது என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் போகும் வழியைப் பாருங்கள். கிளிப் விட்டுப்போய், வேறு எதிலோ மாட்டி, உடம்பு இறங்கும்போது இழுபடலாம்.

இரண்டு பின் சக்கரமும் இறுக்கம், பிரேக்கில் ஒன்றும் இல்லை

இரண்டு பக்கமும் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. கியரில் போட்டு ஒரு சக்கரத்தை முன்னே சுற்றினால் மற்றது பின்னே சுற்ற வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்ட் நிற்க வேண்டும். இது லேசாக நடக்கிறது, நியூட்ரலில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினால் மட்டும் கனக்கிறது என்றால், ஷாஃப்ட்டை ஹவுசிங் பக்கம் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஹவுசிங் பக்கம் கனத்தால் கிரவுன், பினியன் பேரிங். உடனே ஹவுசிங்கின் ஆயில் அளவைப் பாருங்கள், வடிந்த எண்ணெயில் மினுக்கும் இரும்புத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ் பக்கம் கனத்தால் அது வேறு வேலை. ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயின்ட் இறுகியிருந்தால் கையால் மடக்கும்போதே முரண்டு பிடிக்கும்.

வேலை முடிந்த பிறகு

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து), பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிய நிலையிலேயே பெடலை அழுத்திச் சுற்றுங்கள், பிடிக்க வேண்டும். விட்டுச் சுற்றுங்கள், விட வேண்டும். ஹேண்ட் பிரேக்கிலும் அதேபோல. அப்புறம் கீழே இறக்கி, முதலில் சொன்ன அதே ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, அதேபோலப் பிரேக் தொடாமல் நிறுத்தி, இரண்டு டிரம்மின் அருகேயும் கையைக் காட்டுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் வேலை முடிந்தது. மறுநாள் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.